குடம் எங்கே போயிற்று? வீட்டுக்கு ஸ்பீக்கர் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

என் தாய்மாமா இளமையில் ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். நாகர்கோவிலில் நாங்கள் புதிதாக ஒரு ஹோம் தியேட்டர் வாங்கியபோது, அவர் பங்கேற்ற ஒரு கோயில் கொடைவிழாவின் பழைய ஒலிப்பதிவை அதில் போட்டுக் காட்டினேன். பெட்டியின் மேல் '4,000 வாட்' என்று பொன்னிற எழுத்தில் அச்சிட்டிருந்தது. கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், பாட்டு முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "புலவர் குரல் கேட்கிறது, ஜால்ரா கேட்கிறது. குடம் எங்கே, மக்களே?"

நான்காயிரம் வாட்டில் ஒரு மண்குடம் எப்படித் தொலைந்துபோகும்? அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், ஒலிக்கருவிப் பெட்டிகளில் அச்சிடப்படும் சொற்களை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். முதன்முறையாக ஸ்பீக்கர் வாங்கக் கிளம்புகிறவர்களுக்கு, நான் கற்றுக்கொண்ட அதே வரிசையில் இங்கே சொல்கிறேன். கடைக்குப் போவதற்கு முன் முதல் நான்கு பகுதிகளைப் படியுங்கள். மீதியை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு படிக்கலாம்.

1. முதலில் அதிர்வெண்

காற்று ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். கடையில் 'ஃப்ரீக்வென்சி' என்பார்கள். அதன் அலகு ஹெர்ட்ஸ். ஆயிரம் ஹெர்ட்ஸ் சேர்ந்தால் ஒரு கிலோஹெர்ட்ஸ். மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பாடநூல் கணக்கு. வயது ஏற ஏற மேல்முனை இறங்கிக்கொண்டே வரும்.

வில்லுப்பாட்டுக் குழுவை மனத்தில் நிறுத்திக்கொண்டால் இந்த எண்கள் உடனே பிடிபடும். பத்துப் பதினைந்து லிட்டர் கொள்ளும் குடத்தின் வாயில் தட்டினால் எழும் 'கும்' என்ற ஒலி, கணக்கிட்டுப் பார்த்தால் 100 ஹெர்ட்ஸை ஒட்டி வருகிறது. ஆண் குரலின் அடிச்சுருதி பேசும்போது ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலும், பெண் குரலுடையது 165 முதல் 255 வரையிலும் இருக்கும். சொல் புரிவதற்குக் காரணமான மெய்யெழுத்துகளின் கூர்மை 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. ஜால்ராவின் மினுக்கம் 10 கிலோஹெர்ட்ஸையும் தாண்டிப் போகும். கீழே இருப்பது பேஸ், நடுவே மிட், மேலே ட்ரெபிள். கருவியில் அந்தப் பெயரில் குமிழ்கள் இருந்தால், அவை இந்தப் பகுதிகளைத்தான் கூட்டிக் குறைக்கின்றன.

விவரத்தாளில் 'ஃப்ரீக்வென்சி ரெஸ்பான்ஸ் 50 ஹெர்ட்ஸ் – 20 கிலோஹெர்ட்ஸ், ±3 டெசிபல்' என்று இருந்தால், அந்த எல்லைக்குள் எந்த ஒலியும் மூன்று டெசிபலுக்கு மேல் தூக்கலாகவோ அமுங்கியோ வராது என்று தயாரிப்பாளர் பொறுப்பேற்கிறார் என்று பொருள். டெசிபல் என்பது சத்தத்தின் அளவு; அதன் கணக்கு மூன்றாம் பகுதியில் வரும். அந்த '±3' இல்லாமல் வெறும் 20–20,000 என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நம்பாதீர்கள். இருபது டெசிபல் அமுங்கி, காதுக்கே எட்டாமல் வரும் ஒலியையும் அதில் சேர்த்துக்கொள்ள முடியும்.

எங்கள் வீட்டுப் பெட்டியில் நடந்தது இதுதான். சுவரில் மாட்டிய குட்டி ஸ்பீக்கர்களில் இருந்தது மூன்று அங்குலக் கூம்பு. அவை ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸுக்கு மேலேதான் சரியாகப் பாடின. அடித்தள ஒலிக்கென்றே தனியாக இருக்கும் பெட்டியான சப்வூஃபர் 60 ஹெர்ட்ஸில் மட்டும் உறுமியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம். மாமாவின் குடம் அந்தப் பள்ளத்தில் விழுந்து கிடந்தது.

ஆகவே கடைக்குப் போகும்போது உங்களுக்கு நன்கு பழக்கமான நான்கைந்து பதிவுகளைப் போனில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் போடும் பாடல் அவருடைய ஸ்பீக்கருக்குப் பொருந்துவதாகத் தேர்ந்தெடுத்த பாடல். தவில், மிருதங்கத்தின் தொப்பி, குடம் என்று அடித்தளம் உள்ள ஒரு பதிவு. துணைக்கருவி அதிகமில்லாத ஒரு குரல். ஜால்ராவோ சலங்கையோ உள்ள ஒன்று. நேரில் பல முறை கேட்ட கருவி என்றால் காது ஏமாறாது.

2. வாட்: பெட்டியின் முன்பக்கத்தை விட்டு, பின்பக்கத்தைப் படியுங்கள்

வாட் என்பது ஆம்ப்ளிபயர் ஸ்பீக்கருக்குத் தரும் மின்திறன். ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்ட வாட், தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்கிறது. பி.எம்.பி.ஓ. என்று குறிப்பிட்டதற்குப் பொதுவான வரையறையே கிடையாது. எப்படி அளந்தார்கள் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எங்கள் 4,000 வாட் அந்த வகை.

உண்மையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. கருவியைத் திருப்பி, மின்கம்பி நுழையும் இடத்துக்கு அருகே உள்ள சிறிய தகட்டைப் பாருங்கள். '230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 60 வாட்' என்பது போல் எழுதியிருக்கும். அந்தக் கடைசி எண், கருவி சுவரிலிருந்து எடுக்கும் மின்திறன். அறுபது வாட் எடுக்கும் கருவியால் அறுபது வாட்டுக்கு மேல் தொடர்ந்து தர முடியாது. அதிலும் ஒரு பகுதி வெப்பமாகப் போய்விடும். நான் இதைச் செய்து பார்த்தபோது பெட்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நீங்கள் கடையிலேயே செய்யுங்கள்.

ஆர்.எம்.எஸ். எண்ணையும் அருகில் இருக்கும் இன்னோர் எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அது டி.எச்.டி., அதாவது ஒலித்திரிபு. உள்ளே போன ஒலியில் இல்லாத எதையெல்லாம் கருவி தானாகச் சேர்க்கிறது என்பதன் விழுக்காடு. '50 வாட், 10 விழுக்காடு டி.எச்.டி.' என்றால் அந்த ஐம்பதாவது வாட்டில் ஒலி கரகரத்துப் போயிருக்கும். '35 வாட், 0.1 விழுக்காடு' என்று எழுதியிருக்கும் கருவி இதைவிடப் பல மடங்கு நேர்மையானது.

கிளாஸ் ஏ.பி., கிளாஸ் டி என்ற ஆம்ப்ளிபயர் வகைகளின் பெயர்களும் காதில் விழும். ஏ.பி. வகை அதிகம் சூடாகும், கனமாக இருக்கும். டி வகை மின்சாரத்தை மிச்சப்படுத்தும், கையடக்கமாக இருக்கும். அந்த 'டி'யை டிஜிட்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஏ, பி, சி என்ற வரிசையில் அடுத்து வந்த எழுத்து, அவ்வளவுதான். இன்று இரண்டிலுமே நல்லவை கிடைக்கின்றன.

3. டெசிபலும் சென்சிட்டிவிட்டியும்

ஒரே ஒரு சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகலாம் என்றால், நான் சென்சிட்டிவிட்டி என்ற சொல்லைத்தான் தருவேன். ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி வருகிறது என்பதே அது. வீட்டு ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 84 முதல் 92 வரை இருக்கும். எட்டு எண்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கில் வராது. மூன்று டெசிபல் ஏற்ற வேண்டுமானால் வாட்டை இரட்டிப்பாக்க வேண்டும். பத்து டெசிபல் ஏற்றினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்கு சத்தமாகத் தோன்றும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்.

இதைப் பொருத்திப் பாருங்கள். 85 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட் கொடுத்தால் வரும் சத்தமும், 91 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட் கொடுத்தால் வரும் சத்தமும் ஒன்றே.

நம் ஊர்த் திருவிழாக்களில் தென்னை மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியைப் பாருங்கள். அதன் சென்சிட்டிவிட்டி 100 டெசிபலைத் தாண்டும். அதனால்தான் சில பத்து வாட் கொடுத்தாலே வயலைத் தாண்டி அடுத்த ஊர் வரை கேட்கிறது. ஆனால் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் ஒன்றுமே வராது. குரல் தூரம் போகும், தவிலின் அடி போகாது. ஒன்றை வாங்க இன்னொன்றை விட்டுக்கொடுப்பது ஸ்பீக்கர் செய்வதில் எல்லா இடங்களிலும் உண்டு. பெட்டி சிறியது, பேஸ் ஆழமானது, சென்சிட்டிவிட்டி உயர்ந்தது என்று மூன்றையும் ஒரே ஸ்பீக்கருக்குச் சொன்னால் அதில் ஒன்று பொய்.

அப்படியென்றால் வீட்டுக்கு எத்தனை வாட் வேண்டும்? 88 டெசிபல் ஸ்பீக்கரை மூன்று மீட்டர் தொலைவில் அமர்ந்து வழக்கமான அளவில் கேட்டால், பெரும்பாலான நேரம் ஒரு வாட் கூடச் செலவாகாது. ஆனால் குடத்தில் ஓர் அடி விழும் அந்தக் கணத்தில், சராசரியைவிட இருபது டெசிபல் எழும்பக்கூடும். இருபது டெசிபல் என்பது நூறு மடங்கு வாட். கால் வாட்டில் ஓடிக்கொண்டிருந்த கருவி அந்த நொடித்துளிக்கு இருபத்தைந்து வாட் தர வேண்டும். இந்தக் கையிருப்புக்குத்தான் 'ஹெட்ரூம்' என்று பெயர். கையிருப்பு தீர்ந்துவிட்டால் அலையின் உச்சி வெட்டுப்படும், அதுவே கிளிப்பிங். குடம் 'கும்' என்பதற்குப் பதில் 'டப்' என்று கேட்கும். தொடர்ந்து அப்படியே ஓட்டினால், மேல் ஒலிக்கான சிறிய ட்வீட்டர் எரிந்துவிடும். சிறிய ஆம்ப்ளிபயரை முழு அளவில் திருகி வைத்துப் பெரிய ஸ்பீக்கரைக் கெடுத்தவர்கள் நிறையப் பேர். 10 × 12 அடி அறைக்கு, ஸ்பீக்கர் ஒன்றுக்கு உண்மையான 30 முதல் 50 வாட் தாராளம்.

4. ஓம், வயர், சிவப்பு, கறுப்பு

ஸ்பீக்கரின் பின்னால் 4, 6, 8 என்று ஓர் எண்ணும் ஓம் குறியும் இருக்கும். அது இம்பீடன்ஸ், மின்னோட்டத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடை. எண் குறையக் குறைய ஆம்ப்ளிபயர் அதிக மின்னோட்டம் தர வேண்டும். ஆம்ப்ளிபயரின் பின்னால் '6–16 ஓம்' என்று இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களை ஒரே முனையில் இணையாகக் கட்டினால் அது 4 ஓம் ஆகிவிடும். முன்னறைக்கு ஒன்று, திண்ணைக்கு ஒன்று என்று ஆசைப்பட்டு ஆம்ப்ளிபயரைச் சுட்டெரிப்பது இப்படித்தான்.

வயருக்குத் தனியே மந்திரம் எதுவும் இல்லை. தடிமன்தான் முக்கியம். 10 மீட்டர் தூரத்துக்கு 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய வயர் போட்டால், போக வர இருபது மீட்டர் செம்பில் ஏறக்குறைய 0.7 ஓம் தடை சேர்ந்துவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது அதிகம். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் 0.14 ஓம் மட்டுமே. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் நல்ல செம்பு வயரே போதும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய வயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

மாட்டும்போது ஆம்ப்ளிபயரின் சிவப்பு ஸ்பீக்கரின் சிவப்புக்கும், கறுப்பு கறுப்புக்கும் போக வேண்டும். இரண்டில் ஒரு ஸ்பீக்கர் மட்டும் தலைகீழாக மாறிவிட்டால், ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். அதற்கு ஃபேஸ் மாறிவிட்டது என்பார்கள். பேஸ் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மெலிந்துபோகும். நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். குறி அழிந்துபோன பழைய ஸ்பீக்கர் என்றால், அதை ஆம்ப்ளிபயரிலிருந்து கழற்றிவிட்டு, ஒன்றரை வோல்ட் பேட்டரியை வூஃபரின் (பெரிய கூம்பின்) முனைகளில் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுங்கள். கூம்பு வெளியே தள்ளினால், பேட்டரியின் நேர்முனை தொட்ட பக்கமே சிவப்பு.

வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த பழைய செட்டுகள் நம் மாவட்டத்தில் பல வீடுகளில் பரணில் இருக்கின்றன. அவற்றில் நல்லவை அதிகம். மின்சாரம் கொடுப்பதற்கு முன் பின்பக்கத்தில் 110/220 என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்து, 220 பக்கம் தள்ளிவிடுங்கள்.

5. பெட்டிக்குள் ஒரு குடம்

ஸ்பீக்கரின் முன்துணியைக் கழற்றிப் பாருங்கள். பெரிய கூம்பு வூஃபர், அடித்தள ஒலிக்கு. ஒரு ரூபாய் நாணயத்தை ஒத்த சிறிய குமிழ் ட்வீட்டர், மேல் ஒலிக்கு. இரண்டு மட்டும் இருந்தால் டூ–வே. நடுவே மிட்ரேஞ்ச் என்று ஒன்று கூடினால் த்ரீ–வே. எந்த ஒலி யாருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்பும் உள்சுற்று கிராஸ்ஓவர். மலிவான பெட்டிகளில் ட்வீட்டருக்கு முன்னால் ஒரே ஒரு கபாசிட்டர் மட்டும் இருக்கும். நல்லவற்றில் செம்புச் சுருள்களும் சேர்ந்திருக்கும்.

அடுத்து, பெட்டியில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை இல்லாதது சீல்டு. குழாய் போல ஒரு துளை இருந்தால் அது போர்ட்டட் அல்லது பேஸ் ரிஃப்ளெக்ஸ். இந்தத் துளை எதற்கு என்று எனக்கு நெடுநாள் புரியவில்லை. புரியவைத்தது மாமாவின் குடம்தான்.

குடத்தின் வாயில் தட்டும்போது, கழுத்தில் உள்ள காற்று ஒரு கட்டியாக உள்ளே போகிறது. குடத்தின் வயிற்றில் இருக்கும் காற்று அமுங்கி, ஸ்பிரிங் போல அதை வெளியே தள்ளுகிறது. வெளியே வந்தது மீண்டும் உள்ளே போகிறது. இந்த ஊசலாட்டம் அந்தக் குடத்துக்கே உரிய ஓர் அதிர்வெண்ணில் மட்டும் நடக்கும். வயிறு பெருத்தால் ஒலி கனக்கும். வாய் அகன்றால் ஒலி மேலேறும். 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் இதை ஆராய்ந்து விளக்கினார்; அவர் பெயரால் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ரெசனேட்டர் என்கிறார்கள். ஸ்பீக்கர் பெட்டியின் துளை குடத்தின் கழுத்து, பெட்டி குடத்தின் வயிறு. வூஃபர் தனியே இறங்க முடியாத ஆழத்தில் இந்தக் குடம் கைகொடுக்கிறது. நம் வில்லிசைக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த அதே தத்துவம் ஸ்பீக்கருக்குள் ஒளிந்திருப்பதை அறிந்த நாள் எனக்குப் பெருமகிழ்ச்சியாக இருந்தது. மாமாவிடம் துளைக்குள் விரலை விட்டுக் காட்டினேன். அவர் அதன் மேல் உள்ளங்கையால் மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு, "சின்னக் குடம்" என்றார்.

துளை பின்பக்கம் இருக்கும் ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டி வைத்தால் குடத்தின் வாயை மூடியது போல ஆகும். குறைந்தது ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஓர் அடி என்றால் இன்னும் நல்லது.

6. உங்கள் அறையும் ஒரு கருவி

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் அலங்கார மண்டபத்தின் இசைத்தூண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே கல்லில் செதுக்கிய தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரம் தருகின்றன. நீளமும் பருமனும் மாறுவதற்கேற்ப ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய அதிர்வெண் உண்டு. அறைக்கும் அப்படியே. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒலி போய் வந்து தன்னோடு தானே சேர்ந்துகொள்ளும் அதிர்வெண்களை 'ரூம் மோட்' என்பார்கள். கணக்கு எளிது: ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். பன்னிரண்டு அடி நீளத்துக்கு 48 ஹெர்ட்ஸ் வருகிறது, பத்தடி அகலத்துக்கு 57 ஹெர்ட்ஸ். கூரையும் பத்தடி உயரம் என்றால் அதுவும் 57. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து அந்த ஒரு சுருதி மட்டும் அறையையே உலுக்கும். ஒரு பாட்டில் ஏதோ ஒரு பேஸ் ஒலி மட்டும் 'பூம்' என்று துருத்திக்கொண்டு நின்றால், ஸ்பீக்கரைக் குறை சொல்லும் முன் டேப்பை எடுத்து அறையை அளந்து பாருங்கள்.

இன்னொரு சிக்கல் எதிர்முழக்கம். ஒலி நின்ற பிறகும் அறையில் அது அடங்க எடுக்கும் நேரம். 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று புகார் வந்தது. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியர் வேறோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து, இதற்கான சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் முதலில் எடுத்துக்கொண்ட அளவுகோல், திறந்த ஜன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராதல்லவா?

அந்தச் சூத்திரத்தை நம் வீட்டில் போட்டுப் பார்ப்போம். கான்கிரீட் கூரை, சிமென்ட் சுவர், டைல்ஸ் தரை, காலியான 12 × 10 × 10 அடி அறை. இந்தப் பரப்புகள் ஒலியில் மூன்று விழுக்காட்டை மட்டும் உறிஞ்சும் என்று எடுத்துக்கொண்டால், ஒலி அடங்க ஏறக்குறைய 2.9 நொடி. நான்கடிக்கு நான்கடி ஜன்னல் ஒன்றை முழுதாகத் திறந்தால் அது 1.6 நொடியாகக் குறைகிறது. நல்ல கேட்பறைக்கு அரை நொடிக்குள் வர வேண்டும். மரத்தட்டு போட்ட பழைய ஓட்டு வீடுகளில் பாட்டு இதமாகக் கேட்டதற்குக் காரணம் நினைவின் இனிமை மட்டுமல்ல. மெல்லிய மரப்பலகை அடித்தள ஒலியை உறிஞ்சும், ஓட்டு இடுக்குகள் மீதியை வெளியே விடும்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. ஸ்பீக்கருக்கும் உங்களுக்கும் நடுவே தரையில் தடித்த ஜமக்காளமோ கயிற்றுப் பாயோ விரியுங்கள். ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலையைச் சுருக்கம் வைத்துத் தொங்கவிடுங்கள். புத்தகம் நிறைந்த திறந்த அலமாரி நல்லது. நான் செய்தவற்றில் அதிகப் பலன் தந்தது, கழித்துப்போட்ட ரப்பர்–தென்னைநார் மெத்தை ஒன்றைத் துணியால் மூடிப் பின்சுவரோரம் நிறுத்தியதுதான். நாருக்குள் காற்று புகுந்து உராய்வதால் ஒலி அதில் அடங்கிவிடுகிறது. முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. அது மேல் ஒலியைச் சிறிது தடுக்கும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கர் வைக்கும் முறை: இரண்டு ஸ்பீக்கர்களும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணம் ஆக வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டையும் சற்று உள்நோக்கித் திருப்புங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களையும் விட்டு, ஒன்றுமில்லாத நடுவிடத்தில் வந்து நின்றால் சரியாக அமைந்துவிட்டது. இதைத்தான் ஸ்டீரியோ இமேஜ் என்கிறார்கள். அலமாரியின் உச்சியில் ஒன்று, கதவோரம் ஒன்று என்று வைத்தால் லட்ச ரூபாய் ஸ்பீக்கரிலும் இது வராது.

7. சப்வூஃபர்

'2.1' என்றால் இரண்டு ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர். '5.1' என்றால் முன்னே மூன்று, பக்கத்தில் இரண்டு, ஒரு சப்வூஃபர். '5.1.2' என்று மூன்றாவது எண் இருந்தால், அது மேலிருந்து ஒலி வரவைக்கும் ஸ்பீக்கர்களின் எண்ணிக்கை. பாட்டு மட்டும் கேட்பவருக்கு நல்ல இரண்டு ஸ்பீக்கர்களே போதும் என்பது என் உறுதியான கருத்து. ஆறு மலிவான ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணத்தை இரண்டில் போடுங்கள்.

சப்வூஃபரின் பின்னால் மூன்று திருகிகள் இருக்கும். கிராஸ்ஓவர், எந்த அதிர்வெண்ணுக்குக் கீழே அது வேலை செய்ய வேண்டும் என்பதற்கு. 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள். அதற்குக் கீழே உள்ள ஒலி எங்கிருந்து வருகிறது என்று காதால் சொல்வது கடினம். உங்கள் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை என்றால் 120 வரை ஏற்ற வேண்டிவரும். ஃபேஸ் திருகியை 0, 180 இரண்டிலும் வைத்துப் பாருங்கள். எதில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதுவே சரி. லெவல் திருகியைக் கடைசியில் தொடுங்கள். சப்வூஃபர் இருப்பதே தெரியாமல், அணைத்தால் மட்டும் வெறுமை தெரிய வேண்டும்.

எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி: சப்வூஃபரை நீங்கள் அமரும் நாற்காலியிலேயே தூக்கி வையுங்கள். பேஸ் நிறைந்த ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போய்க் கேளுங்கள். எந்த இடத்தில் எல்லாச் சுருதியும் சமமாகக் கேட்கிறதோ அந்த இடம்தான் அதன் இடம். வீட்டார் விசித்திரமாகப் பார்ப்பார்கள், பொருட்படுத்தாதீர்கள். மாமாவின் குடம் எங்கள் வீட்டில் ஓரளவுக்குத் திரும்பி வந்தது, நான் இப்படித் தவழ்ந்த பிறகுதான். கிராஸ்ஓவரை 60இலிருந்து 120க்கு ஏற்றி, சப்வூஃபரை மூலையிலிருந்து முன்சுவரின் நடுப்பக்கம் நகர்த்தினேன். பள்ளம் முழுக்க நிரம்பவில்லை. குடத்தின் அடி எங்கே விழுகிறது என்று தெரிந்தது. நல்ல ஐந்தங்குல வூஃபர் உள்ள இரண்டு ஸ்பீக்கர்களைப் பின்னர் வாங்கியபோது மீதியும் நிரம்பியது.

8. டிவி, போன், பழைய ரெக்கார்டு

டிவியிலிருந்து ஒலியை எடுக்க, எச்.டி.எம்.ஐ. துளைகளில் 'ஏ.ஆர்.சி.' என்று குறியிட்ட ஒன்றைத் தேடி அதில் மட்டும் செருகுங்கள். மற்றதில் செருகினால் படம் வரும், டிவியின் ஒலி திரும்பிப் போகாது. 'இ.ஏ.ஆர்.சி.' அதன் வளர்ந்த வடிவம். சுருக்கப்படாத பல தட ஒலியையும் கொண்டுபோகும். ஆப்டிகல் கம்பி போட்டு ஒலியே வரவில்லை என்றால், டிவி அமைப்பில் டிஜிட்டல் ஒலியை 'பி.சி.எம்.' என்று மாற்றிப் பாருங்கள். பத்தில் பல முறை அதுதான் தீர்வு.

போனில் இருக்கும் பாட்டு வெறும் எண்கள். அவற்றை மின்னலையாக மாற்றுவது டி.ஏ.சி. என்ற பகுதி. 1982இல் வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட்டில் எழுதுகிறது. இடம், வலம் இரண்டுக்கும் சேர்த்து அதற்கு நொடிக்கு 1,411 கிலோபிட் வேண்டும். எம்.பி.3 அதை 128 அல்லது 320 கிலோபிட்டாகச் சுருக்கும்போது, காது கவனிக்காது என்று கணித்த பகுதிகளை விட்டுவிடுகிறது. 128இல் ஜால்ரா நீரில் நனைந்தது போலக் கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். ஃப்ளாக் என்பது எதையும் விடாமல் மடித்து வைக்கும் முறை. ப்ளூடூத்தில் எஸ்.பி.சி., ஏ.ஏ.சி., எல்.டி.ஏ.சி. என்ற பெயர்கள் வரும், ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகள் அவை; போனும் ஸ்பீக்கரும் இரண்டுமே அறிந்த முறைதான் செயல்படும்.

ரெக்கார்டு பிளேயர் வைத்திருப்பவர்கள் அதை நேராக 'ஆக்ஸ்' துளையில் செருகிவிட்டு ஒலி மெலிந்திருக்கிறது என்று வருந்துவார்கள். ரெக்கார்டின் ஊசி தருவது ஐந்து மில்லிவோல்ட் அளவு. ஆக்ஸ் எதிர்பார்ப்பது அதைப் போல ஏறக்குறைய நூறு மடங்கு. தவிரவும், ரெக்கார்டில் பேஸைக் குறைத்தும் ட்ரெபிளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். 1954 முதல் அதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவு இருக்கிறது. இரண்டையும் சரிசெய்து தருவது ஃபோனோ பிரீ–ஆம்ப். அதை நடுவே சேருங்கள்.

எல்லாம் இணைத்த பின் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்டால், அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். பெரும்பாலும் இரண்டு கருவிகள் வெவ்வேறு வழியில் எர்த்தாகும்போது வரும். கிரவுண்டு லூப் என்பார்கள். கேபிள் டிவி அல்லது டிஷ் கம்பியை முதலில் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் காரணம் அதுவே. எல்லாக் கருவிகளுக்கும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து மின்சாரம் கொடுத்தாலும் பல வேளை சரியாகிவிடும். எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் வெட்டிவிடாதீர்கள்.

9. கடற்காற்று, கரையான், இடி

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் ஸ்பீக்கர் வயரின் நுனியை ஆண்டுக்கு ஒரு முறை பாருங்கள். செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டி, புதிதாகச் சீவி முறுக்கி மாட்டுங்கள். ஒரு பக்கம் ஒலி விட்டு விட்டு வருவதற்கு இதுவே முதல் காரணம். வால்யூம் திருகும்போது கரகரத்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு அந்தத் திருகியை முழுக்க முன்னும் பின்னும் இருபது முப்பது முறை திருகுங்கள். வாரம் ஒரு முறையாவது கருவியை ஓடவிடுங்கள். உள்சூடு ஈரத்தை விரட்டும்.

வாங்கும்போதே கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு நம் ஈரக்காற்றில் சில ஆண்டுகளில் பொடிந்து உதிரும். ரப்பர் விளிம்பு நெடுநாள் நிற்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் கல்லின் மேலோ ஸ்டாண்டின் மேலோ வையுங்கள், கரையானுக்கும் ஈரத்துக்கும் அது தடை. ஆம்ப்ளிபயரின் காற்றுத்துளைகளைத் துணியால் மூடாதீர்கள். பல்லி நுழையாதபடி மெல்லிய வலையைச் சற்றுத் தள்ளி நிறுத்தலாம்.

நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுத்தால், இடி தொடங்கும் முன்பே பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைப்பது போதாது. கேபிள், டிஷ், இன்டர்நெட் என்று வெளியிலிருந்து வரும் எல்லாக் கம்பிகளையும் கழற்றுங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிஷ் கம்பியை விட்டதால்தான் என் முதல் ஆம்ப்ளிபயர் போனது. இடி தொடங்கிய பின் என்றால் எதையும் தொடாமல் தள்ளி இருங்கள்.